சிறிய மருத்துவமனைக்குத் தரச்சான்று: முதல் நாள் வேலையிலிருந்து ஆய்வு நாள் வரை

தாலுகா ஊரிலோ மாவட்டத் தலைநகரிலோ 30, 50 படுக்கைகளோடு நடக்கும் மருத்துவமனையை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெரிய மருத்துவமனைகளில் தரத்துக்கென்றே ஒரு துறை, ஆட்கள், மென்பொருள் எல்லாம் இருக்கும். சிறிய இடத்தில் நர்சிங் சூப்பரின்டெண்டன்ட்தான் தர ஒருங்கிணைப்பாளர், அவரேதான் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ், ஆள் லீவு போட்டால் வார்டையும் அவரேதான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கும், இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருக்கும் மருத்துவமனை உரிமையாளருக்கும் இது உதவினால் போதும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு கேள்வியை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணி, வார்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு ஸ்டாஃப் நர்சும் கீழே ஒரு டியூட்டி டாக்டரும் மட்டும்தான் இருக்கிறார்கள், மூத்தவர்கள் யாரும் இல்லை. அந்த நேரத்தில் நோயாளி பாதுகாப்பாக இருக்கிறாரா? தரநிலைப் புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வந்து சேரும். இதற்கு உதவாத கோப்பு எத்தனை அடுக்கி வைத்தாலும் அது அலமாரியை மட்டும்தான் நிரப்பும்.

எந்தச் சான்று என்று முடிவு செய்யுங்கள்

தனியார் மருத்துவமனை என்றால் பெரும்பாலும் என்ஏபிஎச்தான். இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் இயங்கும், மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் வாரியம் அது. முழு அங்கீகாரத்துக்கான தரநிலையில் 10 அத்தியாயங்கள் இருக்கின்றன. 5 நோயாளியைச் சுற்றியவை (அனுமதி, சிகிச்சை, மருந்து, நோயாளி உரிமை, தொற்றுக் கட்டுப்பாடு), மற்ற 5 நிர்வாகத்தைச் சுற்றியவை. அவற்றுக்குள் 600-க்கும் மேற்பட்ட அளவுக்கூறுகள் (ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படும் வரிகள்) வரும். 50 படுக்கை வரையுள்ள சிறிய மருத்துவமனைகளுக்குத் தனித் தரநிலை உண்டு, அதற்கும் கீழே நுழைவு நிலைச் சான்று என்று ஒன்று உண்டு. முதல் முறை போகிறவர்கள் நுழைவு நிலையிலேயே தொடங்குங்கள். நேரடியாக முழு அங்கீகாரத்துக்குத் தாவினால் பாதி வழியில் ஊழியர்கள் களைத்துப் போய்விடுவார்கள்.

அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் என்குவாஸ். 2013-ல் வெளியான தேசியத் தர உறுதித் தரநிலைகள் இவை. ஒவ்வொரு சோதனைப் புள்ளிக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போடுவார்கள், மொத்தத்தில் 70 சதவீதமாவது வர வேண்டும். எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், ஒவ்வொரு புள்ளியையும் எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதும் பக்கத்திலேயே இருக்கும்: நேரில் பார்ப்பதா, ஊழியரைக் கேட்பதா, பதிவேட்டைப் புரட்டுவதா, நோயாளியிடம் பேசுவதா என்று. தனியார்காரர்களும் இந்தப் பட்டியலை இறக்கிப் பாருங்கள், உள் தணிக்கைக்கு அருமையாக உதவும். அரசுத் தரப்பில் தூய்மைக்கு 2015-ல் வந்த காயகல்ப், பிரசவ அறைக்கு 2017-ல் வந்த லக்ஷ்யா ஆகிய திட்டங்களும் உண்டு. என்குவாஸுக்குப் போகும் முன் காயகல்ப் நல்ல படிக்கட்டு.

உரிமங்களை முதலில் எடுத்து வையுங்கள்

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இது இல்லாமல் விண்ணப்பமே நகராது. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி, மருத்துவக் கழிவு எடுத்துச் செல்லும் நிறுவனத்தோடு ஒப்பந்தம், தீயணைப்புத் துறைச் சான்று, மருந்தக உரிமம், லிஃப்ட் உரிமம், எக்ஸ்ரே இருந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், ஸ்கேன் இருந்தால் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் கீழ் பதிவு. எல்லாவற்றுக்கும் ஒரே தாளில் காலாவதித் தேதியோடு பட்டியல் போட்டு, 90 நாளுக்கு முன்பே ஞாபகப்படுத்த ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். தீயணைப்புச் சான்றுக்குத்தான் அதிக நாள் பிடிக்கும், ஏனென்றால் பல இடங்களில் கட்டடத்திலேயே மாற்றம் செய்ய வேண்டியிருக்கும். அதை முதல் வாரமே தொடங்கிவிடுங்கள்.

என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நடந்து பாருங்கள்

தரநிலைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்து "உண்டு, இல்லை" என்று டிக் போடாதீர்கள். ஒரு நோயாளி வரும் பாதையிலேயே நடங்கள். வாசல், பதிவுக் கவுன்ட்டர், ஓபி, லேப், அட்மிஷன், வார்டு, தியேட்டர், டிஸ்சார்ஜ் பில். ஒரு முறை பகலில், ஒரு முறை இரவில். எமர்ஜென்சி டிராலியைத் திறந்து அட்ரினலின் ஆம்பியூலின் காலாவதித் தேதியைப் பாருங்கள். லாரிங்கோஸ்கோப்பை விரித்து பல்பு எரிகிறதா பாருங்கள். மருந்து ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே சாப்பாட்டு டப்பா இருக்கிறதா, வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததற்குப் பதிவு இருக்கிறதா பாருங்கள். பத்து கேஸ் ஷீட்டை எடுத்து, டாக்டர் எழுதியதற்கெல்லாம் தேதி, நேரம், கையெழுத்து மூன்றும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். பெரும்பாலும் நேரம் இருக்காது.

கையில் பணம் இல்லை, எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு இலங்கையில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. கொழும்பு காசல் வீதி மகளிர் மருத்துவமனையில் 2000-ம் ஆண்டையொட்டி அப்போதைய இயக்குநர் டாக்டர் விமல் கரந்தகொட ஜப்பானியத் தொழிற்சாலைகளின் 5எஸ் முறையைக் கொண்டுவந்தார். வேண்டாததை அகற்றுவது, இருப்பதற்கு இடம் குறிப்பது, சுத்தம் செய்வது, அதை விதியாக்குவது, விடாமல் கடைப்பிடிப்பது, அவ்வளவுதான். நெருக்கடி மிகுந்த அரசு மருத்துவமனையில் இது பலன் கொடுத்ததைப் பார்த்து ஜப்பான் அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான ஜைக்கா அதையே மாதிரியாக வைத்து ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்குக் கொண்டுபோனது. நீங்களும் முதல் மாதம் ஸ்டோர், வார்டு அலமாரி, தியேட்டர் என மூன்று இடங்களில் இதைச் செய்யுங்கள். உடைந்த வீல்சேர், ஓடாத மானிட்டர், பழைய ரெஜிஸ்டர் எல்லாம் வெளியே போனதும் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். அப்புறம் மற்ற வேலைக்கு ஊழியர்களைக் கூப்பிட்டால் வருவார்கள்.

செய்வதை எழுதுங்கள்

வழக்கமாகக் கோட்டை விடும் இடம் இது. விலைக்குக் கிடைக்கும் ரெடிமேட் கோப்புகளை வாங்கி, பெயரை மட்டும் மாற்றி, பிரின்ட் எடுத்து வைத்துவிடுகிறார்கள். எம்ஆர்ஐ இல்லாத மருத்துவமனையின் கையேட்டில் எம்ஆர்ஐ பாதுகாப்பு விதி இருக்கும், ஒரு பக்கத்தில் பழைய மருத்துவமனையின் பெயரே மாறாமல் இருக்கும். ஆய்வாளர் அதைக் கண்டுபிடிப்பது இருக்கட்டும், வார்டு சிஸ்டருக்கு அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்றே தெரியாது, அதுதான் பெரிய கேடு.

சரி, எப்படி எழுதுவது? ரத்தம் ஏற்றுவதற்கு விதிமுறை வேண்டுமென்றால், வார்டில் தினமும் அதைச் செய்யும் இரண்டு நர்சுகளை உட்கார வைத்து, "பை வந்ததிலிருந்து என்ன செய்றீங்க, வரிசையா சொல்லுங்க" என்று கேட்டு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு டாக்டரோடு உட்கார்ந்து, விட்டுப்போனதைச் சேருங்கள்: இருவர் தனித்தனியாகப் பார்த்து ஒப்பிடுவது, முதல் 15 நிமிடம் நோயாளி பக்கத்திலேயே இருப்பது, நடுக்கமோ காய்ச்சலோ வந்தால் உடனே நிறுத்துவது. இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. தமிழில் எழுதுங்கள், அல்லது தமிழும் ஆங்கிலமும் கலந்து அவர்கள் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். ஆய்வாளருக்குப் புரிய வேண்டும் என்பதைவிட அதைப் பின்பற்றுகிறவருக்குப் புரிய வேண்டும் என்பதே முக்கியம். நோயாளியிடம் வாங்கும் சம்மதப் படிவத்துக்கும் இதுதான். என்ன அறுவை சிகிச்சை, யார் செய்வார், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பது தமிழில் இருக்க வேண்டும், வெற்றுப் படிவத்தில் அட்மிஷனின்போதே கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கத்தை அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

ஆள் மாறாமல், மருந்து மாறாமல்

இந்தப் பகுதிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் கொடுங்கள். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இனிஷியல், அதற்குப் பின்னால் எல்லோருக்கும் தெரிந்த பத்துப் பதினைந்து பெயர்கள். ஒரே வார்டில் இரண்டு எம். லட்சுமி இருப்பது சாதாரணம். நர்ஸ் ஊசியோடு போய் "லட்சுமியாம்மா?" என்று கேட்டால், காது சரியாகக் கேட்காத பாட்டி "ஆமாம்மா" என்றுதான் தலையாட்டுவார். எனவே கேள்வியை மாற்றுங்கள்: "உங்க பேர் என்னங்கம்மா?" அவர் வாயால் சொல்ல வேண்டும், அதைக் கையில் கட்டிய பட்டையிலுள்ள பெயரோடும் மருத்துவமனை எண்ணோடும் ஒப்பிட வேண்டும். இரண்டு அடையாளம் கட்டாயம். படுக்கை எண் அடையாளம் ஆகாது, ஏனென்றால் ஜன்னலோரம் வேண்டும் என்று நோயாளியே படுக்கை மாறிக்கொள்வார். இந்தப் பழக்கம் ஊறுவதற்குக் குறைந்தது ஒரு மாதமாவது தினமும் யாராவது கூடவே நின்று பார்க்க வேண்டும்.

அடுத்து, போனில் சொல்லும் மருந்து. ராத்திரியில் கன்சல்டன்ட் போனில் சொல்வதை நர்ஸ் முதலில் எழுத வேண்டும், எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும், அவர் "சரி" என்ற பிறகே கொடுக்க வேண்டும், மறுநாள் அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் போனில் ஒரே மாதிரிதான் கேட்கும், அதனால் "ஒன் ஃபைவ்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லப் பழக்குங்கள். கன்சல்டன்ட்கள் ஆரம்பத்தில் எரிச்சல்படுவார்கள். உரிமையாளர் அவர்களிடம் நேரில் பேசி, இது நர்சின் விருப்பம் இல்லை, மருத்துவமனையின் விதி என்று சொல்லாவிட்டால் இரண்டே வாரத்தில் நின்றுவிடும்.

அதிக ஆபத்துள்ள மருந்துகளுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். அடர் பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நரம்பில் போட்டால் இதயம் நின்றுவிடும். அது வார்டு அலமாரியில் மற்ற ஆம்பியூல்களுக்கு நடுவே இருக்கவே கூடாது, சிவப்பு லேபிளோடு பூட்டுக்குள் இருக்க வேண்டும், எடுக்கும்போது இரண்டு பேர் பார்க்க வேண்டும். இன்சுலின், ஹெப்பாரினுக்கும் இதே கவனம். யூனிட் என்பதற்கு ஆங்கில யூ எழுத்தை மட்டும் போட்டு எழுதினால் கையெழுத்தில் அது பூஜ்யமாகத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும், எனவே முழுச் சொல்லாக எழுத வேண்டும் என்று விதி வையுங்கள். டோபமின், டோபுடமின் மாதிரி பெயர் ஒத்துப்போகிறவற்றை மருந்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்காதீர்கள். அகர வரிசையில் அடுக்கும் இடங்களில் இது தானாகவே பக்கத்தில் வந்துவிடும், போய்ப் பாருங்கள்.

தொற்றுக் கட்டுப்பாடு

கை கழுவும் வசதி இல்லாமல் கை கழுவச் சொல்லி போஸ்டர் ஒட்டிப் பயனில்லை. ஒவ்வொரு படுக்கைக்கும் கைக்கெட்டும் தூரத்தில் ஹேண்ட் ரப் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களை (நோயாளியைத் தொடும் முன், ஊசி, டிரெஸ்ஸிங் போன்ற சுத்தமான வேலைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின்) மனப்பாடம் செய்ய வைப்பதோடு நிறுத்தாமல், வாரம் ஒரு நாள் ஒருவர் ஓரமாக நின்று எத்தனை முறை தேவைப்பட்டது, எத்தனை முறை செய்தார்கள் என்று எண்ண வேண்டும். டாக்டர்களையும் சேர்த்துத்தான்.

ஆட்டோகிளேவில் (நீராவியால் கருவிகளைக் கிருமி நீக்கும் இயந்திரத்தில்) வைத்த டேப் கறுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்த டேப் சூடுபட்டதை மட்டும் காட்டும். துணியில் சுற்றிய கருவிக் கட்டான பண்டிலுக்கு உள்ளே ரசாயன இண்டிகேட்டர், வாரம் ஒருமுறை கிருமி நிஜமாகவே செத்ததா என்று காட்டும் உயிரியல் இண்டிகேட்டர் இரண்டும் தேவை. ஒருநாள் அது ஃபெயில் ஆனால், அந்த லோடில் போன செட்டுகள் எந்தத் தியேட்டருக்குப் போயின என்று தேடித் திரும்ப எடுக்க முடிய வேண்டும், அதற்காகத்தான் ஒவ்வொரு பண்டிலிலும் லோடு எண்ணும் தேதியும்.

கழிவுக்கு 2016 விதிகள். ரத்தம் பட்ட பஞ்சு, உடல் பாகம் மஞ்சளில், ஐவி செட், கதீட்டர் மாதிரி பிளாஸ்டிக் சிவப்பில், ஊசி, பிளேடு குத்தினாலும் கிழியாத வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில். 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வாளர் இதை டாக்டரிடம் கேட்க மாட்டார், ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம்தான் கேட்பார்: "அக்கா, தரையில ரத்தம் சிந்திடுச்சு, என்ன பண்ணுவீங்க?" யாரும் மிதிக்காமல் தடுத்து, கையுறை போட்டு, உறிஞ்சும் துணியோ பேப்பரோ மூடி, 1 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) ஊற்றி, 10 நிமிடம் விட்டு, துடைத்து மஞ்சள் பையில் போடுவேன் என்று அவர் சொல்லி, இதற்கான பொருள்கள் வைத்த ஸ்பில் கிட் இருக்கும் இடத்தையும் காட்டிவிட்டால், அந்த மருத்துவமனையில் பயிற்சி நிஜமாக நடக்கிறது என்று தெரிந்துவிடும். அதனால் பயிற்சியை அவர்களிடமிருந்தே தொடங்குங்கள், படம் காட்டி இல்லை, தரையில் சிவப்புச் சாயத் தண்ணீரை ஊற்றிச் செய்ய வையுங்கள்.

தியேட்டரில் ஒரு தாள்

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் 19 வரிகள்தான். 8 நாடுகளில் 8 மருத்துவமனைகளில், டெல்லியும் அதில் ஒன்று, இதைச் சோதித்த ஆய்வு 2009-ல் வந்தது. பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும், இறப்பு 1.5-லிருந்து 0.8 ஆகவும் குறைந்திருந்தன. இதற்குச் செலவு ஒன்றுமே இல்லை. ஆனால் ஆபரேஷன் முடிந்து, சிஸ்டர் தனியாக உட்கார்ந்து எல்லாக் கட்டத்திலும் டிக் போடுகிற தாளுக்கும் இந்தப் பலனுக்கும் சம்பந்தமில்லை. கத்தி வைக்கும் முன் எல்லோரும் நின்று, நோயாளி யார், எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சர்ஜன் நிற்காவிட்டால் சிஸ்டர் கத்தியைக் கொடுக்கக் கூடாது, அதற்காக அவரை யாரும் திட்டவும் கூடாது.

தவறைச் சொல்கிறவரைக் காப்பாற்றுங்கள்

என்னைக் கேட்டால் தரத்தின் உயிரே இங்கேதான். உங்கள் மருத்துவமனையில் போன மாதம் எத்தனை மருந்துத் தவறு நடந்தது என்று கேட்டு, "ஒன்றுமில்லை" என்று பதில் வந்தால் அது நல்ல செய்தி இல்லை. யாரும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். சம்பளத்தில் பிடிப்பது, எல்லோர் முன்னாலும் திட்டுவது, மெமோ கொடுப்பது இருக்கும் இடத்தில் எந்த நர்ஸ் வாய் திறப்பார்?

ஒரு பக்கத்துக்கு மேல் போகாத படிவம் போடுங்கள், பெயர் எழுத வேண்டியதில்லை. நோயாளியைப் போய்ச் சேரும் முன் பிடிபட்ட தவறுகளையும் எழுதச் சொல்லுங்கள், அவைதான் இலவசமாகக் கிடைக்கும் பாடம். "மேடம், ஆறாம் பெட் ஆன்டிபயாடிக்கை எட்டாம் பெட்டுக்குக் கலக்கிட்டேன், போடுறதுக்கு முன்னாடி பார்த்துட்டேன்" என்று ஒரு பெண் வந்து சொன்னால், முதல் வார்த்தை "சொன்னதுக்கு நன்றிம்மா" என்று இருக்கட்டும். அப்புறம் ஏன் என்று கேட்டுக்கொண்டே போங்கள். ஏன் மாறியது? இரண்டும் ஒரே டிரேயில் இருந்தன. ஏன் ஒரே டிரே? டிரே மொத்தமே இரண்டுதான். ஏன் லேபிள் இல்லை? கலக்கும் இடத்தில் பேனாவும் லேபிளும் இல்லை. ஏன் அவசரம்? அந்த நேரத்தில் மூன்று அட்மிஷன், டியூட்டியில் ஒரே ஆள். இப்போது உங்களுக்குச் செய்வதற்கு வேலை கிடைத்துவிட்டது: டிரே வாங்குவது, லேபிள் வைப்பது, அந்த ஷிஃப்டுக்கு ஆள் போடுவது. அந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்பியிருந்தால் இதில் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது, அடுத்து வருகிறவருக்கும் அதே டிரேதான்.

வேண்டுமென்றே விதியை மீறுவது, குடித்துவிட்டு வருவது, பதிவேட்டைத் திருத்துவது வேறு. அதற்கு நடவடிக்கை வேண்டும். இந்த வித்தியாசத்தை எழுதி வைத்து எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எண்ணுங்கள், ஆனால் கொஞ்சமாக

ஆரம்பத்தில் ஐந்தாறு அளவுகள் போதும். கை சுத்தம், மருந்துத் தவறு, கீழே விழுந்த நோயாளிகள், ஊசி குத்திக்கொண்ட ஊழியர்கள், அறுவைக் காயத் தொற்று, டிஸ்சார்ஜுக்கு ஆகும் நேரம். விகிதம் போடும்போது கீழே என்ன எண் வருகிறது என்பதைச் சரியாகப் பிடியுங்கள். சிறுநீர் கதீட்டர் தொற்று என்றால் நோயாளி எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது, கதீட்டர் நாட்களால் வகுத்து 1000-ஆல் பெருக்க வேண்டும். ஒரு மாதத்தில் 400 கதீட்டர் நாட்கள், 2 தொற்று என்றால் விகிதம் 5. கதீட்டர் நாளை எண்ண, தினமும் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு கதீட்டர் இருக்கிறது என்று நைட் சிஸ்டர் குறித்தால் போதும், வேறு மென்பொருள் வேண்டாம். எண்ணியதை மாதக் கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள், வார்டுச் சுவரிலும் ஒட்டுங்கள்.

இந்த மாதக் கூட்டம் நேற்று வந்ததில்லை. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி (பெயர்தான் கல்லூரி, அது அறுவை மருத்துவர்களின் சங்கம்) 1917-ல் கொண்டுவந்த குறைந்தபட்சத் தரம் ஒரே பக்கம்தான்; அதிலேயே எல்லா நோயாளிக்கும் முழுப் பதிவு, மருத்துவர்கள் மாதம் ஒருமுறை கூடி சிகிச்சையை அலசுவது இரண்டும் இருந்தன. அடுத்த ஆண்டு 692 பெரிய மருத்துவமனைகளைப் பார்த்தபோது 89 மட்டுமே தேறின. தேறாதவற்றில் பேர்பெற்றவையும் இருந்ததால் அந்தப் பட்டியலையே எரித்துவிட்டார்கள். உங்கள் முதல் உள் தணிக்கை மோசமாக வந்தால் அதை எரிக்காமல் தேதி போட்டு வையுங்கள், ஆறு மாதம் கழித்து ஒப்பிட அதுதான் வேண்டும்.

கட்டடமும் தீயும்

2011 டிசம்பரில் கொல்கத்தாவின் ஒரு தனியார் மருத்துவமனையில் அடித்தளத்தில் பிடித்த தீயின் புகை மேல் மாடிகளுக்கு ஏறி சுமார் 90 பேர் இறந்தார்கள். வாகனம் நிறுத்த வேண்டிய இடம் கிடங்காக இருந்தது. எனவே உங்கள் அடித்தளம், படிக்கட்டு, அவசர வழி மூன்றையும் இன்றே போய்ப் பாருங்கள். அவசரக் கதவு பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று இரவு ஊழியரைக் கேளுங்கள். வருடம் இரண்டு முறையாவது ஒத்திகை, அதில் ஒன்று இரவில். படுத்த படுக்கையான நோயாளியை பெட்ஷீட்டோடு இழுத்துப் படியிறக்குவதை ஊழியர்களே ஒருவரையொருவர் வைத்துச் செய்து பார்க்கட்டும்.

விண்ணப்பமும் ஆய்வு நாளும்

மூன்று மாதப் பதிவாவது கையில் சேர்ந்த பிறகு விண்ணப்பியுங்கள். சுயமதிப்பீட்டை நேர்மையாகப் போடுங்கள். ஆவணங்களைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள், பிறகு ஆய்வாளர்கள் நேரில் வருவார்கள். அவர்கள் பெரும்பாலும் ஒரு கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு அந்த நோயாளி போன வழியெல்லாம் போவார்கள். புதிதாக வெள்ளையடித்து, ஊழியர்களைப் பதில் மனப்பாடம் செய்ய வைத்துத் தயாராக வேண்டாம். பழைய தேதிக்கு ரெஜிஸ்டர் எழுதவே எழுதாதீர்கள். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே மடிப்பில் மூன்று மாதப் பதிவைப் பார்த்ததும் அனுபவசாலிக்குத் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு உண்மையான பதிவைக்கூட நம்ப மாட்டார். தெரியாததற்கு "தெரியாது சார், ஆனா இந்தப் புத்தகத்துல பார்ப்பேன், இல்லன்னா இன்சார்ஜைக் கேட்பேன்" என்பது முழுமையான பதில்தான் என்று ஊழியர்களிடம் சொல்லி வையுங்கள், பாதி பயம் போய்விடும். குறைகளை எழுதித் தருவார்கள், எல்லா மருத்துவமனைக்கும் தருவார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம், என்ன மாற்றினீர்கள், அதற்கு ஆதாரம் என்று குறித்த நாளுக்குள் அனுப்ப வேண்டும்.

சான்று வந்த பிறகு

பலகை மாட்டிய ஆறாவது மாதம்தான் ஆபத்தானது. கண்காணிப்பு ஆய்வு எப்படியும் வரும், ஆனால் அதற்குள் பயிற்சி பெற்ற நர்சுகளில் பாதிப்பேர் வெளிநாடு, அரசு வேலை, கல்யாணம் என்று போயிருப்பார்கள். சிறிய மருத்துவமனைகள் சரிவது இந்த இடத்தில்தான். எனவே புதிதாகச் சேரும் யாரும் இரண்டு நாள் பயிற்சி முடியாமல் தனியாக டியூட்டி பார்க்கக் கூடாது என்று விதி வையுங்கள், ஆள் பற்றாக்குறை இருந்தாலும் அதை மீறாதீர்கள். அந்த இரண்டு நாளில் புத்தகம் முழுவதையும் ஒப்பிக்க வேண்டாம்: அடையாளம் கேட்பது, கை சுத்தம், போன் ஆர்டரைத் திரும்பப் படிப்பது, ஆபத்தான மருந்துகள், கழிவு நிறங்கள், நோயாளி மூச்சு நின்றால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது, தீ வந்தால் எந்த வழி, தவறு நடந்தால் யாரிடம் சொல்வது. ஒவ்வொன்றையும் செய்து காட்டச் சொல்லிப் பார்த்து, மூத்த சிஸ்டர் கையெழுத்துப் போட்ட பிறகு முதல் நைட் டியூட்டி கொடுங்கள்.